நானே நட்ட காடு

பை மடியிலேயே இருக்கட்டும் சார். மேலே வைத்தால் வளைவில் விழும். விழாது என்றே வைத்துக்கொண்டாலும் டவுன் போகிற வரைக்கும் நான் மேலேயே பார்த்துக்கொண்டு வர வேண்டும். கீழே வைத்தால் யாராவது மிதிப்பார்கள். மடிதான் சரி.

நீங்க எந்த டிபார்ட்மென்ட்? இல்லை, சும்மா கேட்டேன். டென்டில் தங்கினவங்களா? மதுரையா. இரண்டு நாள் லீவில் மலையைப் பார்த்துவிட்டுத் திரும்புறீங்க. நல்லது. மலையைப் பார்க்க வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எனக்கு வந்த தொந்தரவே, வந்த ஒருத்தர் போகாததுதான்.

என் பெயர் சடையாண்டி. கூம்புப்பாறை. நீங்க ஏறின ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப். இன்றைக்குப் பதினோரு மணிக்கு டவுனில் ஒரு ஆபீசில் எனக்கு விசாரணை. நான் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. என் மேல் தோட்டம் எனக்கா, காட்டுக்கா என்று இன்று எழுதி முடித்துவிடுவார்கள். அவ்வளவுதான்.

வீட்டை ஒட்டிக் கீழே ஒரு ஏக்கர் இருக்கிறது, பட்டா நிலம். அதற்கு மேலே, சோலைக்காடு தொடங்குகிற இடத்தில் அறுபது சென்ட். அதுதான் மேல் தோட்டம். என் அப்பா மண்வெட்டியால் திருத்தினது. கீழ் நிலத்தில் மார்கழி தையில் பனி உறைந்து உட்கார்ந்துவிடும், பயிர் கருகிப் போகும். மேலே பனி உட்காராது, காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் ஐப்பசியில் ஊன்றுகிற எங்கள் வீட்டு விதைப் பூண்டு முழுக்க மேல் தோட்டத்தில்தான். வடுகபட்டிச் சந்தையில் என் பூண்டை மூட்டை பிரிக்காமலே வாசனையில் சொல்லிவிடுவார்கள். காகிதம் மட்டும் கிடையாது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மேலே இருக்கிற நிலத்துக்குக் காகிதம் கிடையாது. உழுகிறவனுக்குத் தெரியும், பக்கத்துத் தோட்டக்காரனுக்குத் தெரியும். அவ்வளவு போதும் என்று இருந்தோம்.

என் பையன் தவசி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது சொல்லிவிட்டான். "கீழ இருக்கிற ஒரு ஏக்கர்ல நாலு பேரு பொழைக்க முடியாதுப்பா. மேல் தோட்டத்தை நம்பி வரணும்னா அது நம்மதுன்னு ஒரு எழுத்து வேணும். எழுத்து வந்துச்சுன்னா நானும் அவளும் மலைக்கு வந்துர்றோம். இல்லன்னா அங்கயே வீடு பாத்துக்கிறோம்." மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் அவன் சொன்னது, எனக்குத் தெரியும்.

இப்போது அந்த ஆள் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வைகாசியில் வந்தார். அருள்தாஸ் என்று பெயர். விழுப்புரம் பக்கமாம். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். எல்லாம் 'ஆம்'தான், நான் போய்ப் பார்த்தேனா? பெண்டாட்டி இறந்துவிட்டாராம், பிள்ளைகள் வெளிநாட்டில். என் பக்கத்துத் தோட்டக்காரன் ஒச்சப்பன், எனக்கு மச்சான் முறை, அவனுடைய பழைய வீடு சும்மா பூட்டிக் கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்தார். அட்டை வாழ்கிற ஊருக்கு, ஒரு நாளைக்கு இரண்டே பஸ் வருகிற ஊருக்கு, ஒண்டி ஆள் எதற்கு வருகிறார்? முகத்துக்கு நேரே கேட்டேன். "குருவி பாக்க வந்தேன்" என்றார்.

விழுப்புரத்தில் குருவி இல்லையா சார்?

காலையில் ஆறு மணிக்கு வெளியே வருவார். பச்சை ஜெர்கின், காதை மூடுகிற குல்லா, கழுத்தில் பைனாகுலர், பையில் ஒரு நோட்டு. நடப்பார். எங்கள் ஊரில் சும்மா நடக்கிற ஆள் கிடையாது. நடந்தால் தலையில் விறகு இருக்கும், கையில் மாட்டுக் கயிறு இருக்கும், இல்லாவிட்டால் பஸ்ஸை விட்டவனாக இருப்பான். இவர் வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வருவார். நடுவில் நிற்பார், பார்ப்பார், எழுதுவார். எங்கே நின்று எழுதுவார்? அதைக் கேளுங்க. என் மேல் தோட்டத்து வேலியில் சாய்ந்துகொண்டு.

ஊரே அவரைக் 'குருவி சார்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. நான் கூப்பிடவில்லை.

காரணம் இருக்கிறது. எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு ஆள் காளான் பொறுக்குகிறேன் என்று கூடையோடு வந்தான். ஒரு மாதம் சோலை ஓரமெல்லாம் சுற்றினான். எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். என் தம்பியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். மூன்றாம் மாதம் காக்கிச் சட்டையில் நாலு பேரோடு வந்து, தோட்டங்களுக்கு நடுவில் எல்லைக்கல் நட்டான். கல் எங்கே நட வேண்டும் என்று ஒரு இடத்தில்கூட அவன் யோசிக்கவில்லை. காளான் பொறுக்கின இடமெல்லாம் அளவாக இருந்திருக்கிறது. எங்களுக்கு இருந்தது இரண்டு ஏக்கர் சார் அப்போது. அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் மிஞ்சினதுதான் இந்த அறுபது சென்ட். நீங்களே சொல்லுங்க, காளான்காரனுக்கும் குருவிக்காரனுக்கும் என்ன வித்தியாசம்?

வாலிபால் விஷயம் ஒன்று போதும். சாயங்காலம் எங்கள் ஊரில் வாலிபால் நடக்கும். உருளைக்கிழங்கு எடுத்த தோட்டத்தைத் தட்டிச் சமமாக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடுவார்கள். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தினமும் சண்டை. அந்தச் சண்டையைப் பார்க்கவே பாதி ஊர் வரும். இந்த ஆள் ஒரு நாள் ஓரமாக நின்றவர், "வெளிய. நாலு விரக்கடை" என்றார். பந்து பட்ட தடத்தைப் போய்ப் பார்த்தார்கள். சரியாக நாலு விரற்கடை. அன்றைக்கே பயல்கள் அவரை அம்பயர் ஆக்கிவிட்டார்கள். சண்டையே இல்லாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து என் பெண்டாட்டி வெள்ளையம்மாவிடம் சொன்னேன். "முப்பதடி தள்ளி நின்னு நாலு விரக்கடை சொல்றான். குருவி பாக்குற கண்ணா அது? அளக்குற கண்ணு."

"சிக்னல்ல வேலை பாத்தவருக்குக் கண்ணு நல்லா இருக்காதா? குருட்டுப் பயலையா அங்க உக்கார வைப்பாங்க?" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுதான். தெரிஞ்சிருந்தா உங்களைக் கட்டியிருப்பேனா" என்று சொல்லிவிட்டு, ஒரு கிண்ணத்தில் பூண்டு ஊறுகாய் எடுத்துப் போட்டாள். யாருக்கு என்று கேட்டேன். குருவி சாருக்காம். தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாராம், பாவமாம்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருந்தால் சரிப்படுமா? ஆனி மாதத்திலிருந்து அவர் பின்னாலேயே போனேன். அவர் கிளம்பினால் நூறு அடி விட்டு நான் கிளம்புவேன். கையில் அரிவாளும் ஒரு கயிறும். யாராவது கேட்டால் மாட்டைக் காணோம், தேடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் நாள் அவரே திரும்பிப் பார்த்துக் கேட்டார், சொன்னேன். அதற்குப் பிறகு தினமும், "மாடு கிடைச்சுதா சடையாண்டி?" என்பார். "இன்னும் இல்லைங்க" என்பேன். எங்கள் வீட்டில் அந்த வருஷம் மாடே கிடையாது. சித்திரையிலேயே விற்றுவிட்டோம்.

ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. ஒரு நாள் விடவில்லை. எனக்கு வலது முழங்காலில் பழைய அடி உண்டு, ஏற்றத்தில் குத்தும். ஆனாலும் போனேன். அந்த ஆள் வேகமாக நடந்திருந்தால் என்னைத் தொலைத்திருக்கலாம். வேகமாக நடக்கவில்லை. அதுவும் ஒரு தந்திரம் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நின்று, வாயில் விரலை வைத்து, கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தார். வாங்கினேன். எதற்கு வாங்கினேன்? என் வேலிக்கால் அதில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்க்க. ஆனால் கண்ணில் பட்டது ஒரு குருவி. உடம்பெல்லாம் ஆரஞ்சு, தலையும் இறக்கையும் கறுப்பு. அது ஆண். பெண்ணாக இருந்தால் கறுப்புக்குப் பதிலாகப் பழுப்பு இருக்கும். தரையிலிருந்து இரண்டு மூன்று முழத்துக்கு மேலே போகாது, புதருக்குள்ளேயே இருக்கும். பறந்து போய்ப் பூச்சியைப் பிடிக்கும், திரும்ப அதே குச்சியில் வந்து உட்காரும். சிரிப்பான் என்று இன்னொன்று இருக்கிறது, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு போட்டது. பள்ளத்தில் ஒன்று சிரித்தால் போதும், அத்தனையும் சேர்ந்து சிரிக்கும். மழை நாளில் அவ்வளவாகச் சத்தம் கொடுக்காது. வெயில் வந்து கால் மணி நேரம் கழித்து ஆரம்பிக்கும், சரியாகக் கால் மணி நேரம். இதெல்லாம் எனக்கு எதற்கு? என்னைத் திசைதிருப்பத்தான் காட்டுகிறார் என்று எனக்குத் தெரியாதா?

ஐப்பசி பிறந்தது. மேல் தோட்டத்தில் பூண்டு எடுத்தோம். நல்ல விளைச்சல். பிடி பிடியாகக் கட்டிக் காயப் போட்டிருந்தோம். அந்த ஆள் வேலியோரம் வந்து நின்று பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "சடையாண்டி, உங்க மேல் தோட்டத்தைப் பத்தி நோட்டுல நிறைய எழுதி வச்சிருக்கேன்."

சிரித்துக்கொண்டே சொல்கிறார் சார். காளான்காரனும் சிரிக்கிறவன்தான்.

அன்றைக்கு முழுக்க யோசித்தேன். எல்லைக்கல் எங்கே நடுவார்கள்? காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில். தோட்டமே இல்லையென்றால்? எங்கே நடுவார்கள்? நட முடியாது. ஒரு இரண்டு வருஷம் மேல் தோட்டம் காடாகக் கிடக்கட்டும். ஆள் அலுத்துப்போய் ஊருக்குப் போவார். பிறகு வெட்டித் திருத்திக்கொள்ள எனக்கு எத்தனை நாள் ஆகும்? இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒச்சப்பன் வழியாக அவர் காதுக்குப் போய்விடும்.

பத்து நாள் வேலை. வேலிக்கால் அத்தனையும் பிடுங்கினேன். பாத்தி, வாய்க்கால் எல்லாம் தட்டி மேடுபள்ளமாக்கினேன். சோலை ஓரத்தில் தானாக முளைத்த வாட்டில் மரக் கன்று, முள்ளுச்செடி, பெரணி எல்லாம் வேர்மண்ணோடு பெயர்த்துக்கொண்டுவந்து நட்டேன். காட்டைப் போல நடுவது தோட்டம் போடுவதைவிடக் கஷ்டம் சார். கை தானாக வரிசைக்குப் போகும். நாலு கன்று நட்டுவிட்டுப் பார்த்தால் ஒரே கோட்டில் நிற்கும், பிடுங்கிக் கோணலாக நட வேண்டும். காட்டுக்குள்ளிருந்து சருகு அள்ளி வந்து பரப்பினேன். ஒரு பட்டுப்போன கட்டையைக்கூட உருட்டி வந்து நடுவில் போட்டேன். யாரும் போடாமல் தானாக விழுந்து கிடக்கிற மாதிரி.

வெள்ளையம்மா முதல் நாள் கூட வந்தாள். இரண்டாம் நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "வெதைப்பூண்டு போடுற எடத்துல எவனாவது முள்ளு நடுவானா? அந்த மனுசன்கிட்ட நேராப் போயி, என்னய்யா எழுதுறேன்னு கேட்டா ஆகாதா?"

"கேட்டா உண்மையைச் சொல்லிருவானா?"

"சொல்லமாட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

பெண்களுக்கு உலகம் தெரியாது.

அந்த வருஷம் மழையும் நல்ல மழை. நட்டது ஒன்றுகூடப் படவில்லை. என் கைராசி அப்படி.

நோட்டையும் விட்டுவைக்கக் கூடாது அல்லவா? தோட்டத்தை மறைத்தேன், நோட்டில் இருக்கிறதே. ஐப்பசி பாதியில் ஒரு சாயங்காலம் வாலிபால் நடக்கும்போது ஜெர்கினைக் கழற்றி வலைக் கம்பத்தில் மாட்டிவிட்டு விசில் ஊதிக்கொண்டிருந்தார். அதன் பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டேன். திருட்டு என்று சொல்லாதீங்க. என் நிலத்தைப் பற்றி எழுதினது என்னுடையதுதானே.

நாலு நாள் தேடினார். சாப்பாடுகூட இறங்கவில்லை என்று ஒச்சப்பன் சொன்னான். "சோலையில எங்கயோ விழுந்திருக்கும் சடையாண்டி, கூட வர்றீங்களா?" என்று என்னையே கேட்டார். போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும். நாலு நாளும் கூட இருந்து புதர் புதராக விலக்கித் தேடினேன். அவர் பார்க்காத இடத்தில்கூடக் குனிந்து பார்த்தேன்.

இந்தா, இந்தப் பையில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்க, காட்டுகிறேன். முதலில் மிச்சத்தையும் கேளுங்க.

தை மாதம் ஒரு ஜீப் வந்தது. எனக்குத் தெரியும், வரும் என்று. வந்தவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்கள். யார் யார் மேலே பயிர் பண்ணுகிறீர்களோ, அவரவர் அனுபவத்தில் இருக்கிற நிலத்துக்குக் காகிதம் தரப் போகிறோம், அளக்க வந்திருக்கிறோம் என்று.

திரும்பச் சொல்கிறேன். பிடுங்க வரவில்லை. கொடுக்க வந்தார்கள்.

ஒச்சப்பனுக்கு நாற்பது சென்ட் எழுதினார்கள். அதற்கு அந்தப் பக்கம் எல்லாருக்கும் எழுதினார்கள். என் முறை வந்தது. அளவுச் சங்கிலியோடு ஏறி வந்த அதிகாரி சுற்றிப் பார்த்தார். இடுப்பு உயரத்துக்கு வாட்டில், அடியில் பெரணி, முள்ளு. கிளை மேலே அந்த ஆரஞ்சுக் குருவி வேறு உட்கார்ந்திருக்கிறது.

"எங்கய்யா தோட்டம்?"

"இதாங்க."

"இது காடுய்யா."

"நான் நட்ட காடுங்க."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். "காட்டை எவனாவது நடுவானாய்யா?"

ஒச்சப்பன் சிரித்தான். ஊரே சிரித்தது. சிரிப்பான் கூட்டம் கெட்டது சார். "எங்க மச்சான் நடுவாருங்க. அவருக்கு வேலை இல்லன்னா ஆத்தையே தூக்கி அந்தப் பக்கம் வச்சிருவாரு" என்றான். எனக்காகச் சாட்சி சொல்கிறேன் என்றும் அவன்தான் சொன்னான். அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன் சொல்கிற வாய்ச்சொல் செல்லாதாம். போன வருஷம் இங்கே பயிர் இருந்தது என்று படமோ, அந்தச் சமயத்திலேயே எழுதின எழுத்தோ இருந்தால் கொண்டுவா என்று சொல்லி, இன்றைய தேதி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். இன்று காட்டாவிட்டால் காடு என்று முடித்துவிடுவார்களாம்.

தவசிக்கு போன் பண்ணினேன். "என்னப்பா, எல்லாருக்கும் கிடைச்சிருச்சாமே?" என்றான். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். பிறகு அவன் கூப்பிடவில்லை. மாசி கடைசிக்குள் திருப்பூரில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறானாம், வெள்ளையம்மாவிடம் மருமகள் சொன்னாள்.

ஜீப் வந்த அன்று சாயங்காலமே அந்த ஆள் என் வீட்டுக்கு வந்தார். குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சடையாண்டி, நீங்க பூண்டு போட்டதெல்லாம் தேதியோட நோட்டுல எழுதியிருந்தேன். அது தொலைஞ்சு போச்சே. அது இருந்தா இப்ப உங்களுக்கு உதவியிருக்கும். பரவாயில்ல, நான் வந்து வாயால சொல்றேன். வெளியூர்க்காரன் சொன்னா கேப்பாங்க."

எப்படி இருக்கிறது பாருங்க. நோட்டு இருந்தால் உதவியிருக்கும் என்கிறார். எதற்குச் சொல்கிறார்? எடுத்தவன் யாரோ அவன் அவசரப்பட்டு வெளியே எடுக்கட்டும் என்றுதானே? நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "பாப்போம்" என்றேன். நேற்றே டவுனுக்குப் போய்விட்டார், கண் ஆஸ்பத்திரிக்கு. காலையில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாராம், சேர்ந்து போவோம் என்று வெள்ளையம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

இதுதான் சார் அந்த நோட்டு. பூரா இங்கிலீஷ். ஊரில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், கொடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். உங்களை எனக்குத் தெரியாது, உங்களுக்கும் என்னைத் தெரியாது. அதனால்தான். உள்ளே நிஜமாக என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் எப்படி ஒரு ஆபீசுக்குள்ளே போவது? மெதுவாக வாசிங்க. கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். முன் சீட்டில் அந்த அம்மா பார்க்கிறாள், கொஞ்சம் தணித்து.

ம். ஜூன் பதினேழு. சரி. சடையாண்டியின் மேல் தோட்டம். சடையாண்டி, அவர் மனைவி, இன்னும் நாலு பெண்கள் பூண்டு ஊன்றுகிறார்கள். நிறுத்துங்க. நாலு இல்லை, ஐந்து. ஒருத்தி வெற்றிலை போட அந்தப் பக்கம் போயிருப்பாள். பார்த்தீங்களா, எண்ணியிருக்கிறார்! நான் சொன்னேனே! மேலே? அவர்கள் பின்னாலேயே ஒரு நெட்டைக்காலிக் குருவி பாத்திக்குள் நடந்து புழு பொறுக்குகிறது. ஆமாம், அது உண்மை. அது நடக்கும்.

அடுத்தது. ஜூலை இருபத்திரண்டு. காலை ஆறு நாற்பதுக்குச் சடையாண்டி ஓஸ் பைப்பில் தண்ணீர் காட்டுகிறார். மணிகூடக் குறித்திருக்கிறார் சார்! இது போதாதா? இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆகஸ்ட், களை எடுப்பு. செப்டம்பர், இரண்டாம் களை. அக்டோபர் இருபது, பூண்டு எடுத்துக் காயப் போட்டிருக்கிறார்கள், வாசனை சோலைக்குள் வரைக்கும் வருகிறது. அது வரும்.

அக்டோபர் இருபத்தாறு. என்ன நிறுத்திட்டீங்க? படிங்க. சடையாண்டி தன் தோட்டத்தில் தானே வாட்டில் கன்றும் பெரணியும் நட்டுக்கொண்டிருக்கிறார்.

அதையுமா பார்த்தார்? நான் ஆள் வராத நேரம் பார்த்து நட்டேனே!

மேலே படிங்க. ஏன் என்று தெரியவில்லை. கேட்கவில்லை. நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறாரோ என்னவோ. இந்த ஊர் மண்ணைப் பற்றி இவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறாரா? வேறு ஒன்றும் இல்லையே?

அந்தப் பக்கத்தை நான் கிழித்துவிடுகிறேன். எந்தப் பக்கம், விரல் வையுங்க.

கிழிக்கக் கூடாதா? ஏன்? அதிகாரி கேட்டதற்கு அந்தப் பக்கம்தான் பதிலா? காட்டை எவன் நடுவான் என்று கேட்டாரே, இவன்தான் நட்டான், நான் பார்த்தேன் என்று தேதி போட்டு எழுதியிருக்கிறது அந்த ஒரு பக்கத்தில்தான் என்றா சொல்றீங்க? மற்றப் பக்கமெல்லாம் இருந்து, இது இல்லாவிட்டால் பூண்டு போட்ட இடம் வேறு என்று சொல்லிவிடுவார்களா?

அப்படியா.

உங்களுக்கு என்ன இதில் இவ்வளவு அக்கறை? இல்லை, கோபப்படாதீங்க. பழக்கம். நீங்க விரல் வைத்த பக்கம்தான் அந்தப் பக்கம் என்றே நான் எதை வைத்து நம்புவது, சொல்லுங்க. நம்பிக் கிழித்தால், ஒருவேளை நீங்க வேறு பக்கத்தைக் காட்டியிருந்தால்? நம்பிக் கிழிக்காமல் விட்டால்? எப்படிப் பார்த்தாலும் யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது. இதுதான் எனக்குப் பிடிக்காதது.

ஏரி வந்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம். இன்னும் எழுதியிருக்கிறாரா? கடைசிப் பக்கமா? நான் எடுத்ததற்கு முந்தின நாள். வாசிங்க, அதையும் கேட்டுவிடுகிறேன்.

இன்றும் சடையாண்டி பின்னால் வந்தார். ம். மாடு தேடுகிறேன் என்று சொல்கிறார். அவரிடம் மாடு இல்லை.

நிறுத்துங்க. இது அவருக்கு எப்போது தெரியும்? வெள்ளையம்மா சொல்லியிருப்பாள். ஊறுகாய் கொடுக்கப் போன அன்றைக்கே சொல்லியிருப்பாள். அப்படியானால் ஆனி மாதத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டா தினமும் மாடு கிடைத்ததா என்று கேட்டார்? என்ன மனுஷன் சார் இவர்!

சரி. படிங்க. அவருக்கு முழங்கால் நோகிறது. ஏற்றத்தில் நான் குருவி பார்ப்பதுபோல் நின்றுகொள்கிறேன், அவர் வந்து சேரும் வரைக்கும்.

குருவி பார்ப்பதுபோலவா? போல என்றா எழுதியிருக்கிறது? அப்போது அந்தக் கல்லுப்பாதை ஏற்றத்தில் குருவி இல்லையா? நானும் அண்ணாந்து பார்த்தேனே. நாலு மாதம் அந்த இடத்தில் தினமும் அண்ணாந்து பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை, என் கண்ணுக்குத்தான் மங்கல் வந்துவிட்டது என்று நினைத்தேன். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றுகூட இருந்தேன்.

இன்னும் இருக்கிறதா.

தனியாக நடக்கத்தான் இந்த ஊருக்கு வந்தேன். துணை கிடைத்துவிட்டது.

அவ்வளவுதானா? பின்பக்கம் திருப்பிப் பாருங்க. ஒன்றும் இல்லையா. அட்டையில்?

முழங்கால் நோகிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை சார். வெள்ளையம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. தைலம் தடவினால் கேட்பாள் என்று தடவவும் மாட்டேன்.

இல்லை, ஜன்னலைச் சாத்துங்க. காற்று கண்ணில் அடிக்கிறது.

ஸ்டாண்ட் வந்துவிட்டது. எழுந்திருக்க வேண்டாம், எல்லாரும் இறங்கட்டும். அதோ பாருங்க, டீக்கடை ஓரமாக. பச்சை ஜெர்கின். எந்த ஜன்னலில் நான் இருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். கண்டுபிடித்துவிட்டார். கையாட்டுகிறார்.

ஒரு உதவி செய்யுங்க சார். இந்த நோட்டை அவர் கையில் நீங்க கொடுத்துடுங்க. பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் கிடந்தது என்று சொல்லுங்க. நாலு மாதமாகவா சீட்டுக்கு அடியில் கிடக்கும்? அதுவும் சரிதான். நம்ப மாட்டார், நாலு விரற்கடை சொல்கிற ஆள். அப்படியானால் ஒன்றும் சொல்லாதீங்க. பேசாமல் கையில் கொடுங்க. அவர் வாங்கிப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். பார்க்கட்டும்.

பக்கம் எதுவும் கிழிக்கவில்லை என்று அதை மட்டும் சொல்லுங்க.

நீங்க முன்னால் இறங்குங்க. எனக்குப் படியிறங்க நேரம் ஆகும். ஆனால் ஒன்று, வேகமாக நடந்துவிடாதீங்க. நான் பார்க்கிற தூரத்திலேயே போங்க.